மூன்றாவது டிஸ்க்

கெபித் தெருவில் சாயங்காலம் நாலு மணியானால் ஆளாளுக்கு ஒன்றை மறந்துவிட்டு, ஆறரைக்குக் கோயில் மணி அடித்ததும் மறந்ததைத் திரும்ப வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் போய் விளக்குப் போட்டார்களே, அந்த ஏழு மாதத்தைப் பற்றித் தூத்துக்குடியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அது எப்படி வந்தது என்று கேட்டால் தெரியாது என்பார்கள். எப்படிப் போனது என்று கேட்டால் மட்டும் வெயிலைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்படிப் பேச்சை மாற்றிவிடுவதென்று தெருவே கூடி முடிவெடுத்திருந்தது.

இன்னாசி கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்கிறவன். மாதா சுரூபம் நிற்கிற கெபிக்கு எதிர்வீடு அவனுடையது. முன்னறை கடை, பின்னால் அடுக்களை, மாடியில் தங்கச்சி பவுலினின் அறை. நாற்பத்து மூன்று வயதாகியும் ஏன் கல்யாணம் செய்யவில்லை என்று கேட்டால், "வேலை கெடக்குல்லா" என்பான். வேலையில் அவனைப்போல ஒரு சுத்தக்காரனைப் பார்க்க முடியாது. திருகாணிகளை அளவுவாரியாகப் பழைய மக்ரூன் டப்பாக்களில் போட்டு வைத்திருப்பான், பெட்டிக்குள் ஓடும் ஒயர்களைச் சடை பின்னுகிற மாதிரிப் பின்னிக் கட்டுவான், பழைய டிஸ்கை அழித்துக் கொடுக்கச் சொன்னால் மேலோட்டமாக அழிக்காமல் தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பூஜ்யமாக எழுதி, எழுதியதை ஒரு தடவை சரிபார்த்து, அதற்குப் பிறகுதான் கையில் கொடுப்பான். பாதி வேலை செய்து அவனுக்குப் பழக்கமில்லை. பின்னால் அவனைக் கெடுத்ததும் இந்தச் சுத்தம்தான்.

அந்த வீட்டுக்குள் ஆறு வருஷமாகப் பேச்சு இல்லை.

நடந்தது இதுதான். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த வருஷம், கோயில் பாட்டுக்குழுவில் பவுலினோடு பாடிக்கொண்டிருந்த கஸ்பார் என்கிற கப்பல் என்ஜினியர், மறுநாள் கப்பலேற வேண்டியவன், பெரியவர்கள் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் தன்னந்தனியாக வந்து கடை வாசலில் நின்று, "அண்ணே, பவுலினை எனக்குக் கட்டிக் குடுங்க" என்று கேட்டான். பவுலின் அப்போது பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுக்க வெளியே போயிருந்தாள். இன்னாசி அவளைக் கேட்டுவிட்டு வருகிறவனைப்போல உள்ளே போய், அடுக்களையில் நின்று ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே வந்து, "கேட்டுட்டேன் தம்பி. ஒங்களை யாருன்னே அவளுக்குத் தெரியாதாம்" என்றான். கஸ்பார் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான், பிறகு போய்விட்டான். பவுலினும் போய்விட்டால் இந்த வீட்டில் தான் ஒருத்தனாக உட்கார்ந்து சோறு தின்ன வேண்டுமே என்ற பயத்தைத் தவிர இன்னாசியிடம் வேறு காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால் அவனுக்கே கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கஸ்பார் சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டான் என்றே பவுலின் ஐந்து வருஷம் நினைத்திருந்தாள். ஐந்தாம் வருஷம் மணப்பாட்டில் ஒரு கல்யாண வீட்டில் கஸ்பாரின் அக்காவைச் சந்தித்து, கடை வாசலில் நடந்ததைக் கேட்டாள். வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், "அப்படியா சொன்ன?" என்று அண்ணனைக் கேட்டாள். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். அதுதான் கடைசிப் பேச்சு. அதற்குப் பிறகும் சமைத்தாள், மூடி வைத்தாள், அவன் சட்டைக்குப் பட்டன் தைத்துப்போட்டாள். கேஸ் தீர்ந்ததையும் மழைத்தண்ணீர் ஒழுகுவதையும் துண்டுத்தாளில் எழுதித் தம்ளருக்கு அடியில் வைத்தாள். பாட்டுக்குழு நாட்களில் பழகிய கருப்பட்டிக் காபியை மட்டும் அவள் விடவில்லை. தனக்கென்று ஒரு பாத்திரத்தில் தனியாகப் போட்டு, ஜன்னலோரம் நின்று குடிப்பாள்.

பேச்சு நின்ற ஆறாம் வருஷம் ஒரு நாள் தம்ளருக்கு அடியில் இருந்த தாளில், "ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கப்பல் ஓட்டுகிற கேம் ஓட வேண்டும்" என்று எழுதியிருந்தது. உலகத்துத் துறைமுகங்களை எல்லாம் அலையோடும் கிரேனோடும் அச்சு அசலாகக் காட்டுகிற அந்த விளையாட்டு இன்னாசிக்குத் தெரியும். முப்பத்தேழு வயதுப் பெண்ணுக்கு அது எதற்கு என்றும் தெரியும். கஸ்பார் போன ஊர்களை அவள் போய்ப் பார்க்கப்போகிறாள். அவன் அந்தத் துண்டுத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேறு எந்த வேலையையும் தொடாமல் பதினொரு நாள் அந்தப் பெட்டியைக் கட்டினான். மன்னிப்பு என்ற சொல்லை வாயால் சொல்லத் தெரியாத ஒருவன் அதைக் கையால் சொல்ல முடியுமா என்று பார்த்தான்.

மூன்று டிஸ்க் போட்டான். புது எஸ்.எஸ்.டி.யில் விண்டோஸ். பெரிய டிஸ்கில் கேம். இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொள்ளாதபடி விர்ச்சுவல் மெமரிக்கென்று மூன்றாவதாக ஒன்று. ரேம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் இந்த மாதிரி விளையாட்டுக்கு ஒரு கட்டத்தில் இடம் பற்றாது, அப்போது கம்ப்யூட்டர் உடனே தேவைப்படாததைத் தூக்கி டிஸ்கில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுக்கும். கல்யாண வீட்டில் கட்டிலை அடுத்த வீட்டில் போட்டுவிட்டுப் பந்தி விரிக்கிறோமே, அந்த வேலைதான். அந்த மூன்றாவது டிஸ்க், எந்தக் காலத்திலோ யாரோ விட்டுவிட்டுப்போன பழசு, லேபிள் உரிந்தது, ஆனாலும் சத்தமில்லாமல் சுற்றியது. அதில் விர்ச்சுவல் மெமரியின் தொடக்க அளவும் உச்ச அளவும் ஒன்றாக இருபத்துநாலாயிரம் எம்.பி. என்று போட்டு, ரீஸ்டார்ட் செய்து, மாடியில் கொண்டுபோய் வைத்தான்.

பவுலின் முதன்முதலாக நாலு மணிக்குக் கப்பலை எடுத்தாள். நாலே காலுக்கு மக்ரூன் சூளை தனிஸ்லாஸ் தெருவுக்கு ஓடிவந்து, "ஏ யாராவது சொல்லுங்கப்பா, ஒரு தட்டுக்கு எத்தனை முட்டை வெள்ளை?" என்று கத்தினார். முப்பது வருஷமாக மக்ரூன் போடுகிறவர். அதே நேரத்தில் ஓய்வுபெற்ற சங்குகுளி மிக்கேல் அண்ணாச்சி, தினமும் சாயங்காலம் தன் வலது உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விடுகிறவர், சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு தையல்காரர் வீட்டுக்கு விளையாடப் போனார். இருபது வருஷத்துக்கு முன்னால் கடலுக்கடியில் தன் கூட்டாளியின் கயிறு அந்தக் கைக்குள்ளிருந்து நழுவி, அவன் மேலே வராமலே போனது அவருக்கு ஞாபகத்தில் இல்லை. யார் தலையில் எது அதிக இடத்தை அடைத்துக்கொண்டிருந்ததோ, அதைத் தூக்கி அந்த டிஸ்க் தன்னிடம் வைத்துக்கொண்டுவிட்டது.

கடையில் உட்கார்ந்திருந்த இன்னாசிக்கு ஒன்றும் மறக்கவில்லை. ஐந்து மணிக்கு மாடிப்படியில் சத்தம் கேட்டது. பவுலின் பாதிப்படி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்து, "அண்ணே, சிங்கப்பூர்ல சிக்னலே குடுக்க மாட்டேங்கான், என்ன செய்ய?" என்று கேட்டாள்.

அவன் கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவர் கீழே விழுந்து உருண்டு போனது. ஆறு வருஷம்! அவன் எழுந்து மாடிக்குப் போய், அவள் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, சிங்கப்பூரில் சிக்னல் வாங்கிக் கொடுத்தான். அவள் சிரித்தாள், அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள், மத்தியானக் குழம்பில் ஏன் கை வைக்கவில்லை என்று சண்டை பிடித்தாள். ஆறரைக்கு மணி அடித்தது. விளையாட்டை மூடிக் கம்ப்யூட்டரை அணைத்தாள். அணைத்த கை அப்படியே நின்றது. இன்னாசி அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான், அது மெல்ல மெல்ல மூடிக்கொண்டது. அவள் எழுந்து அடுக்களைக்குப் போனாள்.

தெரு இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஞாயிற்றுக்கிழமை தெருக்காரர்கள் கூடி ஜெபிக்கிற அன்பியக் கூட்டத்தில் ஜெபமாலை முடிந்ததும் இதைப் பேச எடுத்தார்கள். கம்ப்யூட்டரை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, நேரத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்றுதான் சொன்னார்கள். நாலிலிருந்து ஆறரை. பரீட்சைக் காலத்தில் கிடையாது. பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறவர்கள் மூன்றரைக்குள் போட்டுவிட வேண்டும். பெண் பார்க்க வருகிறவர்களைக் காலையில் வரச் சொல்ல வேண்டும். தனிஸ்லாஸ் முட்டைக் கணக்கைச் சுவரில் சுண்ணாம்பால் எழுதி வைத்துக்கொண்டார். முட்டையைவிடப் பெரிதாக அவர் மனசில் ஒன்றுமே இல்லையா என்று தெருவே அவரைக் கேலி செய்தது, அவர் மனைவி மட்டும் ரெண்டு நாள் சிரிக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனவர்கள் முழங்காலில் நின்று சொல்வதற்கு ஒரு பாவமும் ஞாபகம் வராமல் விழித்ததால், பங்குச்சாமி கொஞ்சம் முணுமுணுத்துவிட்டு அதைச் சனிக்கிழமை காலைக்கு மாற்றினார். மற்றத் தெருக்களிலிருந்து ஆட்கள் மடக்கு நாற்காலியோடு வந்து கெபியைச் சுற்றி உட்கார ஆரம்பித்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் புருஷனோடு வாழ முடியாமல் திரும்பி வந்தவர்களும் அங்கே உட்கார்ந்து, ரெண்டரை மணிநேரம் கடலை கொறித்துக்கொண்டு ஊர்க்கதை பேசிவிட்டு, மணி அடித்ததும் அவரவர் பாரத்தை வாங்கிக்கொண்டு ஒழுங்காக எழுந்து போனார்கள்.

"உனக்கு மட்டும் ஏன்ல ஒண்ணும் மறக்கல?" என்று மிக்கேல் அண்ணாச்சி இன்னாசியைக் கேட்டார்.

"தெரியல அண்ணாச்சி."

"அவன்தான அதுல அட்மின். அவனை எப்படித் தொடும்?" என்றாள் தையல்காரர் மனைவி அமலோற்பவம். அவளுடைய மகன் ஏதோ கம்பெனியில் இருக்கிறான், அதனால் அவள் சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

ஒருமுறை ஐந்து மணிக்குக் கரண்ட் போனது. வைத்தவை எல்லாம் அவசர அவசரமாகத் திரும்பி வந்ததில் ஒன்றிரண்டு ஆள் மாறிப்போய், மிக்கேல் அண்ணாச்சியின் கயிறு தையல்காரர் தலையில் வந்து விழுந்தது. தன் வாழ்நாளில் முழங்காலுக்கு மேல் கடலில் இறங்காத மனுஷன் மறுநாள் நாலு மணி வரைக்கும் உள்ளங்கையைப் பார்த்துப் பார்த்து அழுதார். அன்றைய ஆட்டம் முடிந்தபோது அது உரியவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது. "இதையா அண்ணாச்சி இருபது வருஷமா வச்சிருக்கிய?" என்று தையல்காரர் கேட்டார். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் சீட்டு விளையாடும்போது ஏமாற்றுவதில்லை. தெருவே சேர்ந்து ஒரு யூ.பி.எஸ். வாங்கி வைத்தது. இன்னாசி தன் கையால் ஒரு அட்டையில், "ஆட்டம் ஓடும்போது டிஸ்கைத் தொடக் கூடாது. அதில் மற்றவர் பொருள் இருக்கிறது" என்று எழுதி மாடிச் சுவரில் ஒட்டினான்.

ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவனுக்குத் தங்கச்சி கிடைத்தாள், ஆறரைக்குப் போனாள். சின்ன வயசில் ரெண்டு பேரும் சேர்ந்து திருடிய புளியங்காயைப் பற்றிப் பேசினாள், அவனுக்கு நரைத்துவிட்டது என்று கண்ணாடியைக் காட்டினாள், ரோட்டர்டாமில் கப்பலைச் சுவரில் இடித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள். எதற்காக இந்தக் கப்பலை ஓட்டுகிறோம் என்பது மட்டும் ஓட்டும்போது அவளுக்குத் தெரியாது. பாதி வாக்கியத்தில் மணி அடிக்கிற நாட்களும் உண்டு. அப்போது அவள் வாய்க்குள் இருந்த சிரிப்பு அங்கேயே நின்றுபோகும். மூன்றாம் மாதத்தில் இன்னாசி கோயில் மணியை வெறுக்க ஆரம்பித்தான். ஆறாம் மாதத்தில், மற்ற இருபத்தொன்றரை மணிநேரமும் தன் வீட்டில் நடமாடுகிறவள் யாரோ அந்நியப் பெண் என்றும், நாலு மணிக்கு வருகிறவள்தான் நிஜமான பவுலின் என்றும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

ஏழாம் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆட்டம் ஓடாத நேரத்தில், பவுலின் காபியை மேசையில் மூடி வைத்துவிட்டுப் போகாமல் நேராக அவன் கையில் கொண்டுவந்து கொடுத்தாள். கொடுத்துவிட்டு ஒரு நிமிஷம் நின்றாள். ஏதோ சொல்ல வந்தவள்போல இருந்தது. அவன் மதர்போர்டிலிருந்து கண்ணை எடுக்காமல் இருந்துவிட்டான், எடுத்தால் என்ன பார்வை வந்து விழுமோ என்ற பயம். அவள் மாடிக்குப் போய்விட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கையில் ஒரு கவரோடு இறங்கித் தபாலாபீசுக்குப் போனாள். ட்யூஷன் சம்பந்தமான ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு அவன் திருகாணியை முடுக்கினான்.

அடுத்த வாரம் தெருவே ரெண்டு பஸ் பிடித்து வேளாங்கண்ணிக்குப் போனது. நடக்க முடியாதவர்களைக்கூடத் தூக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். விளையாட்டில் வாரக்கணக்காகக் கடந்துகொண்டிருக்கிற ஒரு சமுத்திரத்தை இன்னும் முடிக்கவில்லை என்று சொல்லிப் பவுலின் போகவில்லை. அவள் போகாததால் இன்னாசியும் போகவில்லை. தெருவில் ஆள் இல்லை, நேரக் கட்டுப்பாடும் இல்லை, அவள் காலை பத்து மணிக்கே கப்பலை எடுத்தாள். பத்தே காலுக்கு, "அண்ணே, மேல வா, தனியா ஓட்டப் போரடிக்கி" என்று கூப்பிட்டாள்.

அவன் மேலே போனான். பதினொன்றரைக்கு அவள் கப்பலை நங்கூரம் போட்டுவிட்டு, "டீ போட்டுட்டு வாரேன்" என்று கீழே இறங்கினாள். அந்த டிஸ்கில் அப்போது இருந்தது ஒரே ஒருத்தியின் பொருள். இன்னாசிக்கு அது தெரியும். தெரிந்துதான் செய்தான், அதைப் பிற்பாடு அவன் ஒருநாளும் மறைத்துக்கொள்ளவில்லை. செட்டிங்கைத் திறந்தான். மூன்றாவது டிஸ்கில் விர்ச்சுவல் மெமரி வேண்டாம் என்று போட்டான். எஸ்.எஸ்.டி.யில் இருபத்துநாலாயிரம் என்று போட்டான். ரீஸ்டார்ட் செய்தால்தான் மாற்றம் நடப்புக்கு வரும், செய்யலாமா என்று திரை கேட்டது. சுவரில் அவன் எழுதிய அட்டை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவளுக்கும் இது நல்லதுதானே, எத்தனை வருஷம்தான் சுமப்பாள் என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் சொன்ன ரெண்டாவது பெரிய பொய் அது. அழுத்தினான். திரை கறுத்ததும், உள்ளே இருந்தது அவளிடம் திரும்புவதற்குள் பெட்டியைத் திறந்து மூன்றாவது டிஸ்கின் ஒயரைப் பிடுங்கி, அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், தன் மேசையில் மாட்டி, தொடக்கத்திலிருந்து முடிவு வரைக்கும் பூஜ்யமாக எழுத விட்டான்.

"கேம் எங்க போச்சு?" என்று பவுலின் டீயோடு வந்து கேட்டாள்.

"தொங்கிட்டு. ரீஸ்டார்ட் பண்ணுனேன்."

"போ, நீயும் ஒன் கம்ப்யூட்டரும்" என்று சொல்லிவிட்டு அவள் அவன் எதிரில் உட்கார்ந்து டீயை ஆற்றினாள். பொழுது சாய்ந்தது. ஆறரைக்கு மணி அடித்தது. இன்னாசி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான். அது மூடவில்லை. "என்ன அப்படிப் பாக்க? முகத்துல என்ன ஒட்டிருக்கு?" என்றாள். அன்றைக்கு ராத்திரிச் சோற்றை இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து தின்றார்கள். அவன் மறுசோறு கேட்டு வாங்கித் தின்றான், இதுதான் சந்தோஷம் என்று நினைத்தான்.

ஒரு வாரம் அவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட ஆரம்பித்தது. அவள் பாடுவதில்லை, பாட்டுக்குழுவில் கூப்பிட்டதற்கு, "நான் எப்பப் பாடுனேன்?" என்று கேட்டாள். அலமாரியில் ஒரு நீலச் சேலையை எடுத்து, "இது யாருது அண்ணே?" என்று கேட்டு, அமலோற்பவத்துக்குக் கொடுத்துவிட்டாள். கப்பல் விளையாட்டைத் தொடவே இல்லை. "என்னத்துக்கு மணிக்கணக்கா தண்ணியப் பாத்துக்கிட்டு இருந்தேன்னு தெரியல" என்றாள். அடுக்களையில் கருப்பட்டிச் சிப்பத்தைப் பார்த்து, "நம்ம வீட்ல எதுக்கு இவ்வளவு கருப்பட்டி?" என்று ஆச்சரியப்பட்டு, அதையும் தனிஸ்லாஸ் வீட்டுக்கு அனுப்பிவிட்டுச் சீனி டப்பாவை எடுத்து முன்னால் வைத்தாள். இன்னாசி தன் பொய்யை மட்டும்தான் அழிக்க நினைத்தான். அந்தப் பொய் எதன்மேல் உட்கார்ந்திருந்ததோ அதுவும் கூடவே போயிருந்தது. இப்போது அவன் எதிரில் உட்கார்ந்து சோறு தின்கிறவள் நல்லவள், கலகலப்பானவள், ஆனால் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அவன் யாரை விட மனசில்லாமல் பொய் சொன்னானோ அவள் இல்லை.

தெரு வேளாங்கண்ணியிலிருந்து வந்த நாள் முதலே நாலு மணிக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பதினைந்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு மிக்கேல் அண்ணாச்சி கடைக்கு வந்தார்.

"ஏல இன்னாசி, கயிறு கையிலயே நிக்கி. என்ன செஞ்ச?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவர் கோபப்படவில்லை, கோபப்பட்டிருந்தால் தேவலை. பழைய டிஸ்கைத் திரும்ப மாட்டினான், அதே அளவைப் போட்டான், தானே நாலு மணிக்குக் கப்பலை எடுத்தான். தனிஸ்லாஸ் முட்டைக் கணக்கைச் சரியாகச் சொன்னார், யாருக்கும் எதுவும் மறக்கவில்லை. அப்புறம் இன்னாசி ரெக்கவரி போட்டுப் பார்த்தான். எத்தனையோ பேருடைய கல்யாணப் போட்டோக்களை உடைந்த டிஸ்கிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்தவன், ராவும் பகலும் ஒன்பது நாள் தோண்டினான். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். வேறு யார் அழித்திருந்தாலும் ஏதாவது ஒரு துண்டு மிஞ்சியிருக்கும்.

அன்பியம் கூடியது. யாரும் அவனைத் திட்டவில்லை. பவுலினிடம் சொல்லிவிடலாமா என்று மட்டும் பேசினார்கள், அமலோற்பவம் சொல்லிப் பார்ப்பதாக ஏற்றுக்கொண்டாள். மறுநாள் கறிவேப்பிலை வாங்குகிற சாக்கில் போய், கஸ்பார் வந்ததையும் அண்ணன் சொன்னதையும் தங்கச்சி ஆறு வருஷம் பேசாமல் இருந்ததையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். பவுலின் கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். முடித்ததும், "பாவம் அந்தப் பிள்ளை" என்றாள். தன் பெயரைச் சொன்னதுகூட அவள்மேல் ஒட்டவில்லை, யாரோ பக்கத்து ஊர்க்காரிக்கு நடந்ததைக் கேட்ட மாதிரி. அமலோற்பவம் வீட்டுக்கு வந்து அந்த நீலச் சேலையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகுதான் இதைப் பற்றி இனிமேல் யாரும் பேசுவதில்லை என்று தெரு முடிவெடுத்தது. மடக்கு நாற்காலிகள் அவரவர் தெருவுக்குப் போயின. தனிஸ்லாஸ் சுவரில் எழுதியதை அழிக்கவில்லை.

மாசி மாதத்தில் ஒரு மத்தியானம், கடை வாசலில் ஓர் ஆள் வந்து நின்றான். காதோரம் நரைத்திருந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே இடத்தில்தான் நின்றான். தையல்காரர் வீட்டுத் திண்ணையில் மிக்கேல் அண்ணாச்சி சீட்டைக் கீழே வைத்தார்.

"கப்பல்லருந்து போன வாரந்தான் எறங்குனேன் அண்ணே" என்றான் கஸ்பார். "அக்கா வீட்ல இது எனக்காகக் காத்துக் கெடந்திச்சு." சட்டைப்பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினான். மேலே பவுலினின் எழுத்து.

இன்னாசி வாங்கினான். அதற்குள் பவுலின் உள்ளேயிருந்து ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டாள். கஸ்பார் அவளைப் பார்த்தான். சும்மா நின்று சிரித்தான். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள்.

"யாரு வேணும்?" என்றாள்.

கஸ்பாரின் சிரிப்பு அப்படியே நின்றது. "பவுலின்" என்றான்.

அவள் குழம்பிப்போய் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். "யாரு அண்ணே இவுக? எனக்கு யாருன்னே தெரியலையே."

அந்த வார்த்தைகள் இன்னாசியுடையவை. பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் தண்ணீர் குடித்துவிட்டு வந்து அவன் சொன்னவை. இப்போது அவற்றில் ஒரு பொட்டுக்கூடப் பொய் இல்லை. கஸ்பார் அவனையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு அன்றைக்குப் போலவே தரையைப் பார்த்தான்.

"எனக்குத் தெரிஞ்சவுகதான்" என்று இன்னாசி எப்படியோ சொன்னான். "கப்பல்ல இருக்காவ."

"அப்பம் உள்ள வந்து உக்காருங்க, வெயில்ல நிக்கியளே" என்று சொல்லிவிட்டுப் பவுலின் அடுக்களைக்குப் போனாள். யார் வந்தாலும் அப்படித்தான் கூப்பிடுவாள், நல்ல பெண்.

இன்னாசி கடிதத்தைப் பிரித்தான். அந்தச் செவ்வாய்க்கிழமைத் தேதி போட்டிருந்தது. சின்னக் கடிதம்தான். *அண்ணன் சொன்னது பொய். நான் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. உங்களுக்கு இன்னும் மனசு இருந்தால் வாருங்கள். அண்ணன்மேல் எனக்குக் கோபம் தீர்ந்துவிட்டது, சாயங்காலங்களில் அவனோடு பேசிப் பேசியே தீர்ந்தது, இன்னும் அவனிடம் சொல்லவில்லை. காலையில் சொல்லப் போனேன், அவன் தலை நிமிரவில்லை, வேளாங்கண்ணி பஸ் போன பிறகு வீட்டில் ரெண்டு பேரும் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்றிருக்கிறேன்.*

அவன் அதை ரெண்டு தடவை படித்தான். கஸ்பார் எதிரில் உட்கார்ந்து மேசைமேல் கிடந்த லேபிள் இல்லாத பழைய டிஸ்கைப் பார்த்துக்கொண்டிருந்தான். என்ன நடந்தது என்று அவன் கேட்பான், இன்னாசி சொல்வான், எல்லாவற்றையும் சொல்வான். சொல்லி முடித்து மன்னிப்புக் கேட்பான், கஸ்பார் மன்னித்தாலும் மன்னிப்பான். ஆனால் கேட்க வேண்டியது அவனிடம் இல்லையே.

பவுலின் தட்டில் காபி கொண்டுவந்து வைத்தாள். கஸ்பார் ஒரு வாய் குடித்துவிட்டு, தம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, மெதுவாக, "கருப்பட்டி இல்லையா?" என்று கேட்டான்.

"ஐயோ, எங்க வீட்ல யாரும் கருப்பட்டி குடிக்கதில்லையே" என்றாள் பவுலின். "வேணும்னா தனிஸ்லாஸ் அண்ணாச்சி வீட்ல கேட்டு வாங்கியாரட்டா?"

"வேண்டாம்" என்றான் கஸ்பார். "இதுவே நல்லாருக்கு." அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் காபியைக் கடைசி வரைக்கும் குடித்தான்.

இன்னாசி கடிதத்தை மடித்தான். அதை மடித்து வைத்த சட்டைப்பையில், கப்பல் ஓட்டுகிற கேம் வேண்டும் என்று அவள் எழுதிய துண்டுத்தாள் இன்னும் இருந்தது.

"அண்ணே," என்று பவுலின் அவன் தோளைத் தொட்டாள், "ஏன் அழுத? என்ன ஆச்சு? எங்கிட்டச் சொல்லு."